மலை ஏறிய முயல்

கொடுக்குமலைக் காட்டில் இரண்டு வருஷமாக மழை இல்லை. சிங்கராஜா, பறவைகளிடம் வரியாக வாங்கிச் சேர்த்திருந்த தினையை எடுத்து, தினமும் ஆளுக்கு ஒரு பிடி இலவசமாகக் கொடுக்கச் சொன்னார்.

செம்பி என்ற முயலுக்கு மூன்று குட்டிகள். புல் கருகிய நாளிலிருந்து அவளுக்குப் பால் வற்றிப்போயிருந்தது. தினை வந்த நாலாம் நாள் பால் சுரந்தது. ராஜா நூறு வருஷம் இருக்கட்டும் என்று அவள் மனசார வேண்டிக்கொண்டாள்.

ஆனால் வரிசையில் அவள் மட்டுமா நின்றாள்? கிழங்கு தின்று கொழுத்த காட்டுப்பன்றி நின்றது. குரங்குகள் ஒரு முறை வாங்கிவிட்டு, முகத்தில் சேறு பூசிக்கொண்டு மறுபடியும் வந்தன. குதிரில் இருந்த தினை பாதியாகக் குறைந்தது. வரி கொடுத்த பறவைகள் முணுமுணுத்தன.

நரி மந்திரி ஒரு வழி சொன்னார். இனிமேல் பசித்தவர்களுக்கு மட்டும்தான் தினை. பசி உள்ளவர்கள் ராஜா இருக்கும் மலையுச்சிக்கு நேரில் வந்து முறையிட வேண்டும். ராஜாவுக்கு அது நியாயமாகவே பட்டது.

மறுநாள் குரங்குகள் தாவித் தாவி முதலில் போய்ச் சேர்ந்தன. வரையாடுகள் வந்தன. பன்றியும் மூச்சுவாங்க வந்தது. கால் ஊனமான ஆமையும், குஞ்சு பொரித்துக் கிடந்த காடையும் அடிவாரத்தைத் தாண்டவில்லை. செம்பி குட்டிகளை வளையில் விட்டுவிட்டு, விழுந்து எழுந்து, உச்சிவெயிலில் வந்து நின்றாள்.

நரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு உயரம் ஏறி வந்திருக்கிறாயே, உனக்கு எப்படிப் பசி இருக்கும்?"

செம்பிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் நிதானமாகச் சொன்னாள்: "மந்திரி சொல்வது சரிதான் ராஜா. ஏறி வந்தவர்களுக்குப் பசி இல்லை. அப்படியென்றால் வராதவர்களுக்குத்தான் பசி. தினையைக் கீழே அனுப்புங்கள்."

ராஜா தினை மூட்டைகளைக் கீழே இறக்கச் சொன்னார். ஆமைக்கும் காடைக்கும் தினை போனது. வளையில் இருந்த மூன்று குட்டிகளுக்கும் மூன்று பிடி. ஏறி வந்த குற்றத்துக்காகச் செம்பிக்கு மட்டும் அன்று ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் மலையுச்சியில் ஒருவரும் இல்லை. குரங்குகள் எல்லாம் அடிவாரத்தில் நொண்டிக்கொண்டிருந்தன. காவலர்கள் அவற்றைத் தாண்டி, மூட்டையோடு வளை வளையாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

ஏழையைத் தேடிப் போகாமல் ஏழையைத் தன்னிடம் வரச் சொல்லும் உதவி, வலுத்தவர் கைக்கே போய்ச் சேரும்.