கரடி கறுத்த கதை

அந்தக் காலத்தில், மிருகங்களும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கரடி கறுப்பே இல்லை. சீவிய மாம்பலகை மாதிரி வெளுத்த நிறம்! காட்டில் எங்கே நின்றாலும் பளிச்சென்று தெரியும். அதுதான் அதற்கு வினையாகப் போயிற்று. அந்த நாட்டு ராஜாவுக்கு வெள்ளைத் தோல் விரித்து உட்கார ஆசை வந்துவிட்டது. விடுவானா? வேட்டைக்காரர்களை ஏவிவிட்டான். கடைசியில் மிஞ்சியது ஒரு தாயும் அதன் குட்டியும்தான்.

மலையடிவாரத்தில் மாராயி என்று ஒரு தச்சுக்காரி இருந்தாள். அவளும் புருஷன் நல்லணனும் பெட்டியும் கட்டிலும் செய்து, கருகருவென்று சாயமேற்றுவார்கள். மெருகு போடத் தேன்மெழுகு கொண்டுவருவது அந்தத் தாய்க்கரடிதான்.

ஒருநாள் காலையில், குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அது தலைதெறிக்க ஓடிவந்தது.

"மாராயி அக்கா! கொம்பு ஊதுகிற சத்தம் கேட்கிறதா? வந்துவிட்டார்கள்! என் பிள்ளையைக் காப்பாற்று!"

மாராயி பட்டறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒளித்துவைக்க இடமில்லை. மூலையில் சாயப்பானைதான் இருந்தது.

"பெட்டியைக் கறுப்பாக்குகிறோம், உன்னை ஆக்க முடியாதா? நில்லு!"

அது என்ன சாயம் தெரியுமா? துருப்பிடித்த ஆணிகளைப் புளித்த கஞ்சியில் ஊறப்போட்ட தண்ணீர், அவ்வளவுதான். பார்த்தால் அழுக்குத் தண்ணீர். ஆனால் கருவேலம் பலகையில் தேய்த்துவிட்டால் கண்ணெதிரே கறுத்துவிடும்! நாற்றம்தான் தாங்காது. குட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு, தாயின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டது. மாராயி பானையைத் தூக்கித் தாயின் மேல் கவிழ்த்து, பரபரவென்று தேய்த்தாள்.

கறுக்கவில்லை! துளிக்கூட இல்லை!

நல்லணன் தலையில் அடித்துக்கொண்டான். "அடிப் பைத்தியமே! கருவேலத்துக்குள்ளே துவர்ப்பு இருக்கிறது. அதைத் தொட்டால்தானே இரும்பு கறுக்கும்! இவளிடம் துவர்ப்பு ஏது? தேனாகத் தின்று வளர்ந்தவள்!"

"துவர்ப்புதானே வேண்டும்? உங்கள் வயிற்றுவலிக்கு இடித்துவைத்த கடுக்காய்த்தூள் எங்கே? கொண்டுவாருங்கள், ஓடுங்கள்!"

கடுக்காயைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றினாள். அடடா! ஊற்றிய இடமெல்லாம் முதலில் சாம்பல் நிறம். அப்புறம் மளமளவென்று இருண்டு, கன்னங்கரேல்! தாயும் கறுப்பு, குட்டியின் முதுகும் கறுப்பு. மாராயி சந்தோஷத்தில் ஒரு குதி குதித்துவிட்டாள்.

"குட்டியை இறக்கு. முன்பக்கம் கொஞ்சம் பாக்கி."

தாய் இறக்கிவிட்டது. குட்டி கண்ணைத் திறந்து பார்த்தது. எதிரே பூதம் மாதிரி ஒரு கறுப்பு!

"நீ யாரு? எங்கம்மா எங்கே? அம்மா... அம்மா!"

"நான்தான்டா கண்ணு! கத்தாதே!"

குட்டி நம்பவில்லை. வீறிட்டது. கொம்புச் சத்தம் வாசலுக்கே வந்துவிட்டது. இன்னொரு தடவை அது கத்தினால் இரண்டு உயிரும் போச்சு.

தாயின் நெஞ்சில் மட்டும் கொஞ்சம் வெள்ளை மிச்சம் இருந்தது. மாராயி பானையடியில் கிடந்த சாயத்தையும் மிச்சக் கடுக்காய்த் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு அதனருகே போனாள். தாய் அவள் கையைத் தடுத்தது.

"வேண்டாம் அக்கா. இந்த வெள்ளை இருக்கட்டும்."

"தெரிந்துவிடுமே! கொன்றுவிடுவார்களே!"

தாய் பின்னங்கால்களில் எழுந்து நின்று, குட்டிக்கு நெஞ்சைக் காட்டியது. சாயம் வழிந்து வயிறெல்லாம் கறுத்திருந்தது. குட்டியின் கைகள் கட்டிக்கொண்டிருந்த இடம் மட்டும் கழுத்துக்குக் கீழே இரண்டு வெள்ளைக் கோடாக இறங்கி, நடு நெஞ்சில் சேர்ந்திருந்தது.

குட்டி ஒரு கையை வைத்துப் பார்த்தது. மற்றதையும் வைத்தது. சரியாகப் பொருந்தியது. அவ்வளவுதான், தாவி ஏறி நெஞ்சை மூடி ஒட்டிக்கொண்டது. சத்தமே இல்லை.

வேட்டைத் தலைவன் உள்ளே தலையை நீட்டினான். "வெள்ளைக் கரடி இந்தப் பக்கம் வந்ததா?"

"வெள்ளையா? எங்கள் பட்டறையில் எல்லாமே கறுப்புத்தான். நன்றாகப் பாருங்கள்!" என்றாள் மாராயி.

பார்த்தான். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்று முதல்தான் தச்சர்கள் வெளுத்த மரத்துக்கு இரும்புத் தண்ணீரோடு கடுக்காய்த் தண்ணீரும் பூசுகிறார்கள். அன்று முதல்தான் கரடி இத்தனை கறுப்பு. நெஞ்சில் மட்டும் அந்த வெள்ளையை எந்தத் தாயும் மறைப்பதில்லை. பிள்ளைக்கு அடையாளம் வேண்டுமே!