நாலு பக்க வெளிச்சம்

உளி பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்தபோது கலியபெருமாளுக்கு அறுபத்துநான்கு வயது. கற்றுக்கொடுத்த தில்லைக்கரசிக்கு முப்பத்தைந்து. தேர்ச் சிற்பமும் வாசற்கதவும் செதுக்குகிற கை. வந்த முதல் நாளே கலியபெருமாள் அந்தப் பெண்ணைக் "குருவம்மா" என்று கூப்பிட்டார். பட்டறையில் இருந்தவர்கள் கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள். கேலி இல்லை என்று தெரிய ஒரு மாதம் ஆயிற்று.

ஒரு வருடம் தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் அணைத்துப் பிடித்துச் செதுக்கினார். முழங்கால் மக்கர் பண்ணியது.

"வீட்டிலேயே வசதியா ஒரு இடம் பண்ணிக்கப்போறேன் குருவம்மா" என்றார்.

"பண்ணிக்குங்க சார்."

"முதல் வேலையா எங்க அக்கா முகத்தைச் செதுக்கணும். தை மாசம் அவங்களுக்கு எழுபத்தஞ்சு முடியுது. அவங்க முகத்துல அம்மைத் தழும்பு நிறைய. அதெல்லாம் இல்லாம, வழவழன்னு செதுக்கிக் கொடுக்கணும்."

தில்லைக்கரசி ஒரு வாகைப் பலகையை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. "ஒரு சந்தேகம். நீங்க நேர்ல வந்தாத்தான் ஆகும்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தில்லைக்கரசி போனார். கதவைத் திறந்தது அக்கா அஞ்சலாட்சி. நெற்றி முதல் தாடை வரை தழும்பு. கல்யாணம் ஆகாதவர். தம்பி குடும்பத்தோடுதான் எப்போதும்.

"வாம்மா. ஆபரேஷன் தியேட்டரைப் பாக்க வந்தியா? என்னை உள்ளயே விடமாட்டேங்குறான். மூணு மாசமா கதவைச் சாத்திக்கிட்டு என்னத்தை அறுக்குறானோ!"

சொல்லிவிட்டு, மிளகாய் காயவைக்கக் கொல்லைப்பக்கம் போனார்.

அறையைப் பார்த்து தில்லைக்கரசி அசந்துதான் போனார். மேஜை சரியாக முழங்கை உயரத்துக்கு இருந்தது. மரத்தை இறுக்கிப் பிடிக்க இரும்புப் பிடி. கால் வலிக்காமல் இருக்க ரப்பர் பாய். தூசி போக ஒரு ஃபேன், காற்று வர ஒரு ஃபேன். சுவரில் உளிகள் அளவு வாரியாகத் தொங்கின. கை காயப்படாமல் இருக்கத் தோல் கையுறை. மின்சாரத் துறையில் பொறியாளராக இருந்தவர் ஆயிற்றே, விளக்கில் மனுஷன் விளையாடியிருந்தார். நாலு சுவரிலும் நாலு நீள விளக்கு. இருந்த ஒரே ஜன்னலைப் பிளைவுட் அடித்து மூடிவிட்டார்.

"ஜன்னலை ஏன் சார் மூடினீங்க?"

"அந்த வெளிச்சம் ஒரு பக்கமாத்தான் வருது. இன்னொரு பக்கம் நிழல் விழுது. இப்பப் பாருங்க, எங்க கையை வெச்சாலும் நிழலே கிடையாது."

வைத்துக் காட்டினார். நிழல் இல்லைதான்.

"நல்லா இருக்கு. சந்தேகம் என்ன?"

பலகை மேலிருந்த துண்டை எடுத்தார் கலியபெருமாள். அக்காவின் முகம். பக்கத்தில் ஒரு போட்டோ. ஸ்டூடியோவில் கணினியில் தழும்பை நீக்கித் தந்தது.

"அளவு எல்லாம் சரி. காம்பஸ் வெச்சு அளந்தாச்சு. மூக்கு இருக்கு, கண்ணு இருக்கு. ஆனா முகம் வரலை. தட்டு மாதிரி தட்டையா இருக்கு. இந்த அறையில என்ன குறைன்னு சொல்லுங்க. வாங்கிப் போட்டுடுறேன்."

தில்லைக்கரசி பலகையிலிருந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஸ்க்ரூ டிரைவர் எங்க இருக்கு?"

"மூணாவது வரிசை, ரெண்டாவது ஆணி."

அதை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். ஒவ்வொரு திருகாகக் கழற்றினார்.

"குருவம்மா, வெயில் வரும்!"

"வரட்டும் சார்."

பன்னிரண்டு திருகு. பிளைவுட்டை இறக்கிச் சுவரில் சாய்த்தார். ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்தார். அப்புறம் வாசல் பக்கத்து ஸ்விட்ச் பலகைக்குப் போய், நாலு விளக்கையும் வரிசையாக அணைத்தார்.

காலை வெயில் இடது பக்கமாகச் சாய்ந்து பலகை மேல் விழுந்தது.

முகம் எழுந்து வந்தது. மூக்குக்கு ஒரு நிழல். உதட்டின் கீழ் ஒரு நிழல். கண் ஆழத்துக்குப் போயிற்று. அக்காவேதான்.

அடுத்த நொடி கலியபெருமாள், "ஐயையோ" என்றார்.

நெற்றி, கன்னம், தாடை எல்லாம் குழி. வாய் வளைந்த குழி உளி போன இடமெல்லாம் சின்னச் சின்னப் பள்ளம். நாலு பக்க வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியவே இல்லை. கையால் தடவியிருந்தால் தெரிந்திருக்கும். கையுறை போட்டிருந்தார்.

"எதை எடுக்கணும்னு நெனச்சேனோ அதையே போட்டு வெச்சிருக்கேனே!"

மேஜை இழுப்பறையைத் திறந்து, தேய்த்து வழவழப்பாக்க உப்புத்தாளைத் தேடினார்.

அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே ஒரு முகம் எட்டிப் பார்த்தது. கையில் மிளகாய்த் தட்டு.

"என்னடா, ஜன்னலு தொறந்திருக்கு? அட... இது நான்தானே!"

"பாக்காத அக்கா, போ. இன்னும் முடியலை."

"முடியாம என்ன? அச்சு அசலா நானேதான். ஒரு தழும்பு விடாம எண்ணிப் போட்டிருக்கியேடா!"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குறையே இல்லை. கலியபெருமாள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தில்லைக்கரசி ஜன்னல் ஓரம் போனார்.

"அம்மா, இந்த அம்மை உங்களுக்கு எப்ப போட்டுச்சு?"

"பதினாலு வயசுல. முதல்ல இவனுக்குத்தான் போட்டுச்சு. நாலு வயசுப் புள்ள. பெரியம்மை. யாரும் கிட்டப் போகாதீங்கன்னுட்டாங்க. எங்கம்மா மாசமா வேற இருந்தாங்க. இவன் தண்ணி தண்ணின்னு அனத்துறான். எவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு இருக்கிறது? நான் போய் உக்காந்துட்டேன். துணியை நனைச்சு வாயில புழிவேன். வேப்பிலையால வருடுவேன். ரெண்டு நாள் கண்ணே தொறக்கலை. இனிமே இல்லைன்னே சொல்லிட்டாங்க. நான் வுடலை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? இவன் எழுந்து நடந்தான். நான் படுத்தேன்."

தட்டை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டார். "டீ போடுறேன், குடிச்சிட்டுப் போம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கலியபெருமாளின் கையில் உப்புத்தாள் இருந்தது.

"மூணு பேர் பொண்ணு பாக்க வந்தாங்க, குருவம்மா" என்றார். "மூணு பேரும் பலகாரம் சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க. மூணாவது தடவை நானும் அந்தக் கூடத்துல உக்காந்திருந்தேன். என் முகத்துல ஒரு குழி கிடையாது, பாருங்க. என்னால போன முகம் அது. மரத்துலயாவது அதைத் திருப்பிக் கொடுத்துடணும்னுதான் இந்த அறை, இந்த விளக்கு, எல்லாம்."

கலியபெருமாள் உப்புத்தாளை மடித்துக்கொண்டார்.

"ஒரு நாள் வேலைதான். வழவழன்னு ஆக்கிடலாம். தேய்க்கட்டுமா?"

தில்லைக்கரசி அவர் கையிலிருந்த உப்புத்தாளை வாங்கிப் பார்த்தார். நல்ல தாள்தான். திருப்பி அவர் கையிலேயே வைத்தார்.

"தேய்ங்க சார். அழகாத்தான் வரும். ஆனா தழும்பு இல்லாத அந்த அம்மாவுக்குத் தம்பி இருக்கமாட்டாரு."