சூட்டில் ஏறிய செம்பு

வெகுகாலத்துக்கு முன்னால் கூவிளநாட்டைச் செங்கமலராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான்.

ஒருநாள் புதுத்தேருக்குப் பட்டை போடுவதைப் பார்க்கப் போனான். சக்கரத்தைவிடச் சின்னதாக இருந்த இரும்புப்பட்டையைக் கொல்லர்கள் தீயில் போட்டார்கள். அது விரிந்தது, மாட்டினார்கள், தண்ணீரை ஊற்றியதும் கப்பென்று பிடித்துக்கொண்டது. ராஜாவுக்கு ஒரே குஷி. சூடு பட்டால் எல்லாம் பெருகும், இதுவே உலக நியதி என்று அங்கேயே சொல்லிவிட்டான். ஆஸ்தான வித்துவான் நாகமாணிக்கர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

மந்திரி அழகப்பிரான் சும்மா இருந்திருக்கலாம். எதற்கும் ஒரு மறுப்புச் சொல்லிப் பழகிய பாழாய்ப்போன வாய், "எல்லாமும் இல்லை, மகாராஜா" என்றது.

மந்திரி பதவியின்மேல் பத்து வருஷமாகக் கண் வைத்திருந்தவர் நாகமாணிக்கர். விடுவாரா? சூடு பட்டால் சுருங்குகிற பொருள் ஒன்றை மந்திரி மூன்று நாளில் சபைக்குக் கொண்டுவரட்டும் என்றார். எரிந்து சுருங்கக்கூடாது, காய்ந்து சுருங்கக்கூடாது, எடை குறையவே கூடாது. தோற்றால் மந்திரிக்கு மொட்டையடித்துக் குடும்பத்தோடு எல்லைக்கு அப்பால் விரட்ட வேண்டும். ராஜாவும் சரி என்றுவிட்டான்.

அப்படி ஒரு பொருள் உண்டா என்று மந்திரிக்கே தெரியாது, பாவம்! பச்சைமண் பானையைச் சுட்டுப் பார்த்தார். சுருங்கியது, எடையும் குறைந்தது. பறையை வைக்கோல் தீயில் காட்டினால் தோல் இறுகுமே என்று நினைத்தார். அது காய்ந்து இறுகுவது. சோறு இறங்கவில்லை. இடுப்புக் கச்சையை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டார். மனைவி குழலியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது, மூட்டைமுடிச்சைக் கட்டச் சொல்ல நேருமோ என்று.

மூன்றாம் நாள் காலை குழலி ஆட்டுக்கால் வேகவைத்துக் கொண்டிருந்தாள். கொதிக்கிற பானைக்குள் சதை மேலே ஏறி, எலும்பு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மந்திரி பார்த்தார். தண்ணீருக்குள்ளேயே ஏறியிருக்கிறதே, காய்வதற்கு வழியேது? இழுத்தது எது என்று கிளறினார். நரம்பு! சதையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் தசைநார். வேகாமல் மிச்சமிருந்த நரம்பு ஒன்றை வெந்நீரில் போட்டார். மூன்றில் ஒரு பங்காகச் சுருண்டது. உடனே காளையின் பின்னங்கால் நரம்பொன்றை வாங்கிவந்து பச்சைத்தண்ணீரில் ஊறப்போட்டார்.

அன்று பிற்பகல் சபையில் மந்திரி ஊறிய நரம்பைத் தட்டானிடம் கொடுத்து எடைபோட்டு, உத்தரத்தில் கட்டி, முனையில் ஒரு செம்பைத் தொங்கவிட்டார். நாகமாணிக்கர் சிரித்துக்கொண்டே தம் கையிலிருந்த தங்கத்தோடாவைக் கழற்றிச் செம்புக்குள் போட்டார், பாரம் கூடட்டும் என்று. வீட்டில் நடந்தது இங்கேயும் நடக்க வேண்டுமே என்று குலதெய்வத்தைக் கும்பிட்டபடி, மந்திரி கொதிக்கிற நீரை அகப்பையால் நரம்பின்மேல் ஊற்றினார்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி ஊற்றினார். அப்போது நரம்பு முறுக்கிக்கொண்டு தடித்தது. செம்பு தோடாவோடு ஒரு சாண் மேலே ஏறியது. தட்டான் நரம்பை அவிழ்த்து மறுபடி எடைபோட்டான். எடை அப்படியே இருந்தது.

"ஏனய்யா இப்படி?" என்றான் ராஜா.

மந்திரி பத்துக் காவலர்களைக் கைகோத்து நீட்டி நிற்கச் சொன்னார். தூணுக்குத் தூண் எட்டியது வரிசை. முரசை அடிக்கச் சொல்லி, கையை விடாமல் ஆடச் சொன்னார். அவனவன் இஷ்டத்துக்குக் குதிக்க, வரிசை நாலு முழம் குறைந்துபோனது.

"சூடு என்பது உள்ளே நடக்கிற ஆட்டம், மகாராஜா. இரும்புக்குள்ளே இருப்பவர்கள் நெருக்கியடித்து நிற்பவர்கள். ஆடினால் இடித்துத் தள்ளி இடம் கேட்பார்கள். நரம்புக்குள்ளே நீட்டிக் கைகோத்து நிற்கிறார்கள். ஆடினால் வளைந்து நெளிந்து கிட்டே வந்துவிடுகிறார்கள்."

ராஜாவுக்கு மறுபடி குஷி. தோடாவை மந்திரிக்குக் கொடுத்துவிட்டு, நாகமாணிக்கரை வரிசையின் கடைசியில் நின்று ஆடச் சொன்னான். தொந்தி குலுங்க அவர் ஆடியதை ஊரே பேசிச் சிரித்தது.

தோடாவை மாட்டிக்கொண்டதும் அது மந்திரியின் கையில் நிற்காமல் நழுவி விழுந்தது. ராஜா அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன மந்திரியாரே, மூன்று நாளில் பாதியாகிவிட்டீர். என் கட்டளைச் சூட்டில் நீரே சுருங்கியிருக்கிறீரே, உம்மையே காட்டியிருக்கலாமே?"

"காட்டியிருப்பேன், மகாராஜா," என்றார் அழகப்பிரான், கச்சையைப் பிடித்துக்கொண்டே. "எடையும் குறைந்துபோயிற்று. வித்துவான் ஒப்புக்கொள்ள மாட்டார்."