அளவுக்குச்சியில் ஏறாத பனி

கரிசக்காட்டு வெயிலில் வறுபட்டுக் கிடந்த மூன்று பேர் பனிமலைக்கு வேலைக்குப் போனார்கள் என்றால் நம்புவீர்களா? போனார்கள் ஐயா. வெயிலுமுத்து, அவன் சித்தப்பா சங்கிலி, சித்தப்பாவின் மச்சினன் தவசி. உழைப்புக்குக் குறைச்சல் இல்லை. மற்றதைப் பற்றி நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும்?

முதலாளி பரமானந்தம் அங்கே பனிச்சறுக்கு மைதானம் போட்டிருந்தார். கோடு போட்ட குச்சி ஒன்றை நடுவில் ஊன்றி, வெயிலுமுத்துவிடம் சொன்னார்:

"தினமும் காலையில இதைப் பார்த்து, பனி எத்தனை முழம்னு போன்ல சொல்லணும். ஒரு கோடுகூட மறையக் கூடாது, பளிச்சுன்னு தெரியணும். மூணு முழம் ஏறினா மைதானத்தைத் திறப்போம். இந்த மாசத்துக்குள்ள ஏறலைன்னா இழுத்து மூடிட்டு உங்களை ஊருக்கு அனுப்பிருவேன்."

வெயிலுமுத்துக்கோ இந்த வேலை போகவே கூடாது. நிலையான வேலை இருந்தால்தான் பெண் தருவேன் என்று அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பேச்சியம்மாளின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

அன்றைக்கே பனி கொட்டித் தீர்த்தது. மறுநாள் போய்ப் பார்த்தால், குச்சியின் அடிக்கோடுகளைக் காணோம்.

"மறையக் கூடாதுன்னாரே முதலாளி," என்றான் வெயிலுமுத்து.

மூவரும் மண்வெட்டி எடுத்து, குச்சியைச் சுற்றித் தரை தெரியும்வரை தோண்டி, விளக்குமாற்றால் பெருக்கி, துணியால் துடைத்தார்கள். எல்லாக் கோடும் பளிச்சென்று தெரிந்தது. பிறகு அளந்தார்கள். பனி ஒன்றுமில்லை.

தினமும் இதே கூத்துதான். போகப்போகப் பள்ளம் கிணறாகிவிட்டது. வெயிலுமுத்து ஏணி வைத்து இறங்கிப்போய் அளப்பான், கண்ணைக் கசக்கிக்கொண்டு ஏறி வருவான்.

"மத்த எடத்துல எல்லாம் கொட்டுதே சித்தப்பா, குச்சிகிட்ட மட்டும் ஏன் ஏற மாட்டேங்குது?"

சங்கிலி தாடையைத் தடவினார். "பக்கத்துல நின்னு அளந்தா யாருக்கும் கூச்சமாத்தாம்லே இருக்கும்."

"அப்ப திரும்பி நின்னுக்கிட்டுத் தோண்டுவோம்," என்றான் தவசி. தோண்டினார்கள். அப்போதும் ஏறவில்லை.

"பனி எவ்வளவுடா?" என்று முதலாளி போனில் கேட்டார்.

"ஒண்ணுமில்ல முதலாளி."

"ஏன் உனக்கு இப்படி மூச்சு வாங்குது?"

"கதவு தொறக்க முடியல, கூரை வழியா வெளிய வந்தேன்."

முதலாளிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "நாளைக்கு எப்படி இருக்கும்?"

"நாளைக்கும் இப்படியேதான் இருக்கும் முதலாளி. அதுக்கு நான் பொறுப்பு."

மாசக் கடைசியில், மூடிவிட்டுப் போகலாம் என்று முதலாளியே வந்தார். பனிதான் இல்லையே என்று ரப்பர் செருப்போடு ரோட்டிலிருந்து மைதானத்தில் கால் வைத்தார். வைத்தவர் கழுத்துவரை புதைந்துபோனார்.

"டேய், இங்க வாங்கடா! பனிடா!"

பனி என்று காதில் விழுந்ததும் வெயிலுமுத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து, முதலாளிக்குப் பக்கத்தில் ஊன்றினான். கோடுகள் முக்கால்வாசி மறைந்துபோயின. மறையலாமா? மூவரும் தோண்டினார்கள். முதலாளியின் தோள் வந்தது, இடுப்பு வந்தது, கடைசியில் செருப்பும் வந்தது. தவசி பெருக்கினான். சங்கிலி குச்சியைத் துடைத்தார். வெயிலுமுத்து குனிந்து அளந்தான்.

அளந்தவன் முகம் செத்துப்போனது. பல் கிடுகிடுக்க நின்ற முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

"உங்க பேச்சை நம்பி ஓடி வந்தேனே முதலாளி. இங்கயும் பனி இல்ல."