கசப்பு இலைகள் எட்டு

காட்டில் பதினோரு உயிர் போனது. இலைகளைத் தப்பான கல்லுக்கு அடியில் வைத்தார்கள். அதனால் போனது.

அந்தக் கோடையில் காடெங்கும் முனகல். யானைத் தலைவி முள்ளம்பன்றியைக் கூப்பிட்டது. "யாருக்கு என்ன தொல்லை? கேட்டு எழுது!" என்றது.

முள்ளம்பன்றி எழுதியது. ஆளுக்கு ஒரு தேக்கிலை. முள்ளால் கீறினால் எழுத்து சிவப்பாக விழும். ஒரே மாதிரிப் பேச்செல்லாம் ஒரே கல்லுக்கு அடியில். 'வற்றியது' என்று ஒரு கல். 'கசக்கிறது' என்று ஒரு கல். 'முதலை பயம்' என்று ஒன்று. இப்படி நாற்பத்தொரு கல்.

தலைவியிடம் சேதி கொண்டுபோகும் மரநாய் வந்தது. பார்த்தது. சிரித்தது.

"என்ன அண்ணே, கல்லுக் கடை போட்டிருக்கிறீர்? தலைவி இதைக் கேட்டு முடிப்பதற்குள் மழையே வந்துவிடும்! ஏழு கல் போதும்!"

"ஏழா? வற்றியதும் கசப்பதும் ஒன்றா?"

"இரண்டும் தண்ணீர்தானே! வற்றியது என்று எத்தனை இலை?"

"தொண்ணூறு."

"கசப்பு?"

"எட்டு."

"எட்டு இலைக்கு ஒரு கல்லா? உமக்கு வேறு வேலை இல்லை!"

முள்ளம்பன்றிக்கு முதுகு வலி. குட்டி வேறு பசி பசி என்று நச்சரித்தது. "செய்து தொலை," என்றது. குட்டியோடு வளைக்குப் போய்ப் படுத்துவிட்டது.

மரநாய் கசப்புக் கல்லை உருட்டித் தள்ளியது. எட்டு இலையும் தொண்ணூறுக்கு அடியில் போயின.

"எந்தக் குவியல் பெரிது?" என்று தலைவி கேட்டது.

"தண்ணீர், தாயே!"

"தண்ணீருக்கு என்ன?"

மரநாய் மேலே கிடந்த நாலு இலையைப் புரட்டியது. "வற்றிப்போச்சாம்!"

"எங்கே நிறைய இருக்கிறது?"

"கீழ்மடுவில்! ததும்புகிறது, தாயே!"

"எல்லாரும் அங்கே போய்க் குடியுங்கள்!"

ததும்பாமல் என்ன செய்யும்? ஒரு தடவை குடித்தவர் மறுபடி அங்கே போகவில்லை.

வழியில் ஒரு சருகுமான் குறுக்கே நின்று கத்தியது. முயலளவுதான் இருக்கும். "போகாதீர்கள்! போகாதீர்கள்!"

"தலைவியே சொல்லிவிட்டது. விலகு, பொடிசு!" என்று மான்கள் தாண்டிப் போயின. அவற்றின் பின்னால் முள்ளம்பன்றியின் குட்டியும் ஓடியது. முள்ளம்பன்றி தூங்கிக்கொண்டிருந்தது.

மாலைக்குள் மடுக்கரையில் பத்து மான் செத்துக் கிடந்தன. பதினோராவது அந்தக் குட்டி.

முள்ளம்பன்றி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. சருகுமான் வந்தது.

"அண்ணே, நான் சொன்ன இலை எங்கே?"

"தண்ணீர்க் கல்லுக்கு அடியில்."

"வெறும் தண்ணீரா? கீழ்மடு கசக்கிறது, என் பிள்ளை குடித்துச் செத்தான் என்று சொன்னேன். நீர்தானே கீறினீர்?"

கீறியது முள்ளம்பன்றியின் முள்தான்.

சருகுமான் தண்ணீர்க் கல்லருகே போய் உட்கார்ந்தது. ஒவ்வோர் இலையாகப் படித்தது. ஒன்றையும் விடவில்லை. எட்டு இலை தனியாக வந்தன. எட்டிலும் கீழ்மடு. அவற்றைத் தலைவியின் காலடியில் வைத்தது.

தலைவி மடுவில் துதிக்கையை விட்டது. அடியிலிருந்து விஷ எட்டிமரம் ஒன்று வந்தது. காயும் பட்டையுமாக ஊறி அழுகிக் கிடந்தது. அதையே இழுத்துப் பாதையை அடைத்தது.

"எட்டே எட்டு இலை! எனக்கு எப்படித் தெரியும், தாயே?" என்றது மரநாய்.

"படித்திருந்தால் தெரிந்திருக்கும்!"

சருகுமான் அங்கே நிற்கவில்லை. உருண்டு கிடந்த கசப்புக் கல்லைத் தலையால் முட்டி முட்டிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தது.

குவியலைக் குறைப்பது தப்பில்லை, அடியில் கிடக்கும் இலையைப் படிக்காமல் குறைப்பதுதான் கொலை என்று காட்டுக்குக் காட்டியது அந்தச் சருகுமான், பெயர் சிற்றடி.