செந்நாரைக்குப் பதில் வந்த குரங்கு

மார்கழிப் பனி இறங்கினால் போதும், மருதங்குளத்து விலங்குகளுக்கு ஆட்டப் பித்து பிடித்துவிடும். பந்து, ஒரு காய்ந்த சுரைக்குடுக்கை. அதை நீந்திக்கொண்டே வீசி, கரைமரத்தின் உயரப் பொந்தில் போட வேண்டும். குளத்து அணியும் மலை அணியும் விடியற்காலைப் பனிமூட்டத்தில் மோதும். கடைசி ஆட்டத்தில் வெல்லும் அணிக்குக் கோடையிலும் வற்றாத ஆழமடு சொந்தம்.

குளத்து அணியின் தலைவன் தும்பன் என்னும் நீர்நாய். மடு கைவிட்டுப் போனால் அவன் குட்டிகளுக்குக் கோடையில் மீன் கிடையாது.

அவன் அணியில் மூன்று வருஷமாகச் செவளை என்ற செந்நாரை இருந்தாள். ஆடினாள் என்று சொல்வதுகூட அதிகம். குளத்தின் நடுத்திட்டில் சும்மா நிற்பாள். குடுக்கை வந்தால் அலகால் ஒரு தட்டு தட்டி அனுப்புவாள், அவ்வளவுதான். பொந்தில் போடுகிறவர் பெயரைத் தவளைகள் கூவுவது அங்கே வழக்கம். செவளையின் பெயரை எந்தத் தவளையும் கூவியதில்லை.

மலை அணியிலோ சடையன் என்ற குரங்கு இருந்தான். அவன் போடுகிற போட்டில் தவளைகளுக்குத் தொண்டை கட்டிவிடும். செவளையைக் கொடுத்து அவனை வாங்கிக்கொண்டான் தும்பன். அவள் பனிக்குள் பறந்து மலை அணிக்குப் போனாள்.

அதன்பிறகு குளத்து அணிக்கு எதுவும் கூடிவரவில்லை. செவளை போனதுதான் குறை என்று அணியின் கிழட்டு ஆமை முணுமுணுத்தது. சடையனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"அவ எத்தனை போட்டா? ஒண்ணு சொல்லு பாப்போம்!"

"ஒண்ணும் இல்லதான். ஆனா அவ இருந்தப்ப நாம தோத்ததே இல்லையே."

"அது என் ராசி," என்று பேச்சை முடித்துவிட்டான் தும்பன். பாவம், அதை அவன் நம்பவும் செய்தான்.

கடைசி ஆட்டத்தன்று கரையும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை. எல்லாம் கனவில் நடப்பதுபோல் மெல்ல நடந்தது. இரண்டு அணியும் சமநிலை. இன்னும் ஒன்று போடுகிறவருக்கு மடு. குடுக்கை தும்பன் கைக்கு வந்தது. சடையன் எங்கிருந்தோ கத்தினான், எங்கே என்று புரியவில்லை. அப்போது பனிக்குள் ஒரு சிவந்த கழுத்து தெரிந்தது. தும்பனுக்கு மனசு குளிர்ந்தது. மூன்று வருஷப் பழக்கம், யோசிக்காமல் அங்கேயே வீசினான்.

செவளை தட்டினாள். மலை அணியின் அணில் ஒருவன் தாவிப் பிடித்துப் பொந்தில் போட்டான்.

தான் இதுவரை போட்ட ஒவ்வொன்றும் இப்படித்தான் வந்தது என்று தும்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, நீந்திப்போய் அவளைத் திரும்ப வரச்சொல்லிக் கெஞ்சினான்.

"இங்க போட்டதும் அணில் மொதல்ல என்னைத்தான் திரும்பிப் பாக்கிறான், தும்பா," என்றாள் செவளை. "நீ ஒரு நாளாவது பாத்தியா?"

தும்பன் திரும்பி நீந்தினான். குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அன்றே மடுவை விட்டுப் போனான்.

வெற்றியில் பெயர் வராதவரின் பங்கை அறியாதவன், அவரைத் தன் கையாலேயே எதிரிக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு அழுவான்.