ஆடிக் காற்றில் ஒரு நன்றி பேனர்

ஈரோட்டுக் கல்லூரி ஒன்றில் துணிநூலியல் படித்துக்கொண்டே தொழிலும் நடத்தினான் இன்பராசு. பிளாஸ்டிக் பேனருக்குப் பதிலாகத் துணி பேனர். கூட்டாளி, அவன் வகுப்பிலேயே படிக்கும் நஸ்ரீன். கல்லூரி அவர்களுக்குப் பட்டறை வைக்க ஓர் அறையும் 'மாணவத் தொழில்முனைவோர்' என்ற பட்டமும் தந்திருந்தது. பட்டம் தருவதற்குச் செலவில்லை அல்லவா?

வழிகாட்டியாக வாய்த்தவர் விரிவுரையாளர் வேதவல்லி. ஒப்பந்த ஆசிரியர்களுக்காகச் சிறைக்குப் போய் வந்தவர். வகுப்பில்தான் அவர் மேடம். பட்டறையில் தோழர்.

ஆடி பிறந்தது. அம்மியையே தூக்கும் காற்று துணியை விடுமா? கட்டிய பேனரெல்லாம் கிழிந்தது. இன்பராசு இன்னும் கனத்த துணியாக எடுத்து இன்னும் இறுக்கிக் கட்டினான். அதுவும் கிழிந்தது. சோறு தொண்டையில் இறங்கவில்லை. கண்ணை மூடினால் துணி கிழியும் சத்தம்.

கல்லூரியும் சும்மா இருக்கவில்லை. மாணவர்களின் மன அழுத்தத்தைப் போக்க ஒரு பேச்சாளரை வரவழைத்தது. அவர் ஆளுக்கொரு பலூன் கொடுத்து ஊதச் சொன்னார். "தூக்கம் கூலிக்காரனுக்கு! முதலாளிக்கு ஏது தூக்கம்?" என்று முழங்கினார். முழங்கிவிட்டு, காரின் பின்சீட்டில் தூங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலை இன்பராசு வேதவல்லியைத் தேடிப் போனான். அவர் தூய்மைப் பணியாளர்களின் பந்தலில் இருந்தார். அவர்களுடைய வேலைநிறுத்தம் வென்றிருந்தது. சாயங்காலம் கூட்டம். பந்தல் முகப்பில் இன்பராசு தைத்துக் கொடுத்த பேனர்: 'எங்களுக்குச் சோறு போட்ட ஊருக்கு நன்றி.'

அவன் பட்டறைச் சாவியை நீட்டினான்.

"இந்த பேனரும் கிழிஞ்சுருமுங்க தோழர். அதுக்கு முன்னாடியே கடையைச் சாத்திக்கறேன்."

"நஸ்ரீன் என்ன சொல்றா?"

"அவ வர்றதில்லீங்க. நான் கத்திட்டேன்."

"எதுக்கு?"

"பேனர்ல ஓட்டை போடலாம்னா. ஓட்டைச் சரக்கு விக்கறதுக்கு நாம எதுக்கு, பழைய துணிக்காரன் போதாதான்னு கேட்டேன்."

"நல்லாத்தான் கேட்டிருக்கே. முதலாளியாட்டமே கேட்டிருக்கே."

இன்பராசு தலையைத் தொங்கப் போட்டான்.

"பதற்றமில்லாம தொழில் பண்ணவே முடியாதுங்களா தோழர்?"

வேதவல்லி கைபேசியில் யாருக்கோ ஒரு வரி தட்டிவிட்டார். காற்று ஒரு வீச்சு வீசியது. பேனர் பானை வயிறாக உப்பியது. கயிறு முறுகியது. மேல் மூலையில் ஒரு தையல் 'டப்'பென்று விட்டது. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கயித்தை இன்னும் இறுக்கட்டுங்களா?"

வேதவல்லி சாவியை அவன் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டு, கையில் ஒரு கத்தரிக்கோலை வைத்தார்.

"ஏறு."

"இத்தனை ஜனம் படிக்கப்போற பேனருங்க இது!"

"அதனாலதான் சொல்றேன். பிறை மாதிரி வெட்டு. முழுசா அறுத்துராதே, ஒரு ஓரம் ஒட்டியிருக்கட்டும்."

"எழுத்து போயிருமுங்களே?"

"எழுத்தை மட்டுமே பாக்காதே. எழுத்தில்லாத துணி எவ்வளவு கிடக்குதுன்னு பாரு."

பந்தலின் உள்பக்கம் முகப்பு மூங்கிலில் ஏணியைச் சாத்தி ஏறினான். கீழே வேதவல்லி பிடித்துக்கொண்டார். முகத்துக்கு நேரே துணி, அதில் இடவலம் மாறித் தெரியும் எழுத்துகள். தெரு தெரியவில்லை. ஏணி ஆடியது. ஆடியது ஏணியா தன் காலா என்று அவனுக்கே விளங்கவில்லை.

"கெட்டியாப் புடிங்க தோழர்!"

சிறிது நேரத்தில் ஏணி ஆடாமல் நின்றது.

'சோறு' என்ற சொல்லுக்குப் பக்கத்து வெற்றிடத்தில் கத்தரியை வைத்தான். நல்ல துணி. தானே தேர்ந்தெடுத்த துணி. பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினான். காற்று அந்தப் பிறை வழியாகப் புகுந்து அவன் முகத்தில் அறைந்தது. குளிர்ந்த காற்று. அடுத்ததை வெட்டினான். அதற்கடுத்தது எளிதாக வந்தது. கைக்கு எட்டிய இடமெல்லாம் வெட்டினான்.

அடுத்த வீச்சு வந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். பிறைகள் எல்லாம் ஒருசேர வாய் திறந்தன. காற்று போனது. வாய்கள் மூடின. தையல் ஒன்றுகூட விடவில்லை. தெருவில் யாரோ ஒரு பெண் எழுத்துக் கூட்டிப் படிப்பது கேட்டது: "எங்களுக்கு... சோறு போட்ட... ஊருக்கு... ஏ தங்கம்மா, நம்ம பேனரு!"

இன்பராசுவின் நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. சட்டைப் பையில் கிடந்த சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். பசித்தது.

மீண்டும் காற்று வந்தது, ஒரு பிறை திறந்தது. அதன் வழியே தெரு தெரிந்தது. எதிர்ச்சாரியில், டீக்கடை வாசலில், கையில் டம்ளரோடு வேதவல்லி அண்ணாந்து பேனரைப் படித்துக்கொண்டிருந்தார்.

அவனுக்குக் கண் கலங்கியது. ஏணியில் நின்றபடியே அந்தப் பிறைக்குள் வாயை வைத்துக் கத்தினான்.

"தோழர்! ரொம்ப நன்றிங்க தோழர்!"

வேதவல்லி டீயை ஒரு மிடறு குடித்தார்.

"எனக்கு எதுக்குப்பா? ஓட்டை யோசனை என்னுதா? நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம்தானே நிக்கறேன்? ஏணியைப் புடிச்சிருக்கறது யாருன்னு குனிஞ்சு பாரு."